பழைய ரீலை இரும்புக்கும் போடாதீங்க, சுவரிலும் மாட்டாதீங்க

ஹட்டன், நுவரெலியா பக்கத்தில் ஒரு பழைய தூண்டில் ரீலுக்கு இன்றைக்கு இரண்டு முடிவுகள்தான் காத்திருக்கின்றன. ஒன்று, லயத்துக்கு லயம் வந்து பழைய இரும்பு வாங்குபவரின் சாக்கு. மற்றது, சுற்றுலா விடுதியாக மாறிப்போன ஏதோவொரு பங்களாவின் சுவர். அங்கே பழைய துப்பாக்கிக்கும் மான் கொம்புக்கும் பக்கத்தில், சுற்ற முடியாத ரீல் ஒன்று வார்னிஷ் பூசி மாட்டப்பட்டிருக்கும். என்னைக் கேட்டால் இரண்டுமே ஒன்றுதான். முதலாவதில் அது உடனே சாகிறது, இரண்டாவதில் பிணத்துக்குப் பவுடர் போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. கழற்றிக் கழுவி, உடைஞ்சதைச் செஞ்சு போட்டு, மறுபடி தண்ணிக்குக் கொண்டுபோவது. அந்த வழிக்காகத்தான் இதை எழுதுகிறேன். மீன் பிடிக்காதவங்களும் வாசிங்க. இதில் மீன் கொஞ்சம்தான்.

முதலில், ஸ்பின்னிங் ரீல் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு. தூண்டில் தடிக்குக் கீழே தொங்குமே, ஒரு கைப்பிடியும் முன்னால் ஒரு கம்பி வளைவும் வைத்த சாமான், அதுதான். இதில் தங்கூசி சுற்றியிருக்கும் உருளை எறியும்போது சுழலாது. அசையாமல் நிற்கும் உருளையின் விளிம்பு வழியாக தங்கூசி மட்டும் உருவிக்கொண்டு போகும். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் கம்பளித் தொழிலில் இருந்த இல்லிங்வொர்த் என்பவர் 1905இல் இதற்குக் காப்புரிமை எடுத்தார். ஆலையில் பாபினிலிருந்து நூல் உருவி வருவதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்பார்கள். அதற்காக 'ஸ்பின்னிங்' என்ற பெயர் நூற்பதிலிருந்து வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீருக்குள் சுழன்று வரும் பொய் இரையால் வந்த பெயர் அது.

இப்போது நம்ம ஊர்ப் பிள்ளைகள் காசல்ரீ கரையில் மீன் பிடிப்பதை நினைத்துப் பாருங்கள். காலி பால்மா டின்னில் தங்கூசியைச் சுற்றி, நுனியில் முள்ளையும் ஒரு நட்டையும் கட்டி, டின்னின் அடியைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் சுழற்றி எறிவார்கள். டின் சுழலுமா? சுழலாது. அதன் விளிம்பு வழியாக தங்கூசி உருவிக்கொண்டு போகும். இல்லிங்வொர்த் காப்புரிமை எடுத்ததும் இதே தத்துவம்தான். எங்கள் பெரியப்பா இதைச் சொன்ன அன்றைக்குத்தான் எனக்கு ரீல் என்ற சாமானே விளங்கியது. "டின்னுக்குப் பல்லுச்சக்கரமும் கைப்பிடியும் வச்சா ரீலு புள்ள, வேற ஒண்ணுமில்ல" என்றார்.

மலையகத்தில் தூண்டில் மீன்பிடிப்பு என்றாலே ட்ரவுட் கதைதான் எழுதப்படுகிறது. 1882 வாக்கில் நுவரெலியா ஓடைகளுக்கு ட்ரவுட் மீன் கொண்டுவரப்பட்டது, துரைமார் பொழுதுபோக்காகப் பிடித்தார்கள், அதற்கென்று கிளப் வைத்தார்கள். எல்லாம் சரி. ஆனால் அந்த ஓடைகள் தோட்டத்து ஆட்களுக்கானவை அல்ல. நம் ஆட்களின் மீன்பிடிப்புக்கு வேறு வரலாறு. இலங்கைக்குத் திலாப்பியா 1952இல் வந்தது. காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்கள் 1960களில் கட்டப்பட்டன. பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. கோயிலும் கடைத்தெருவும் மூழ்கிய அந்தத் தண்ணீரிலிருந்துதான் லயத்துக் குசினிக்கு மீன் வந்தது. ட்ரவுட்டைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியதில் கால்வாசியாவது திலாப்பியாவைப் பற்றித் தமிழில் யாராவது எழுதியிருக்கலாம்.

பெரியப்பா தேயிலை பெக்டரியில் முப்பது வருஷத்துக்கு மேல் பிட்டர். அவரிடம் இருப்பது ஒரு மிச்செல் 300. கறுப்பு நிறம், முட்டை மாதிரி உடம்பு, இடது கையால் சுற்ற வேண்டும். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையானபோது ஊருக்குக் கிளம்பிய ஒரு துரை, பங்களாவை ஒழித்துக் கொடுக்கும் நேரத்தில், அப்போது பெக்டரியில் பிட்டராக இருந்த எங்கள் தாத்தாவிடம் தூக்கிக் கொடுத்தது. சும்மா கொடுக்கவில்லை. "சுத்துதில்ல, வச்சுக்கோ" என்று கொடுத்தாராம். தாத்தா அதை அன்றிரவே கழற்றியிருக்கிறார்.

அதைக் கழற்ற முடிந்ததற்குக் காரணம் இருக்கிறது. மிச்செல் ரீல்களைச் செய்த கார்ப்பானோ அண்ட் பொன்ஸ் கம்பனி பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலைப் பக்கம் க்ளூஸ் என்ற ஊரில் இருந்தது. கடிகாரப் பாகங்கள் செய்வதற்குப் பேர்போன ஊர். இன்னொரு பேர்போன பழைய ரீலான சுவீடனின் ஆபு, 1921இல் கடிகாரத் தொழிற்சாலையாகத்தான் தொடங்கியது. பிறகு டாக்ஸி மீட்டர் செய்தார்கள், போர் வந்து அந்த வியாபாரம் படுத்ததும் ரீலுக்கு வந்தார்கள். கடிகாரக்காரன் செய்யும் சாமானில் ஒரு பழக்கம் உண்டு. என்றைக்காவது ஒருத்தன் இதைத் திறப்பான், திறக்க வேண்டும் என்று நினைத்தே செய்வான். அதனால்தான் பசையால் ஒட்டாமல் திருகாணி வைத்திருக்கிறார்கள். பக்கத் தட்டை எடுத்தால் உள்ளே எல்லாம் ஒரே பார்வையில் தெரிகிறது.

சரி, அப்படி என்னதான் பழுதாகும்? பாதிக்குப் பாதி, ஒன்றுமே பழுதாகியிருக்காது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் 'சுத்துதில்ல' என்று எறியப்படும் ரீல்களில் நிறைய இந்த ரகம்தான். முப்பது நாற்பது வருஷத்துக் கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும். நுவரெலியாக் குளிரில் கேட்கவே வேண்டாம், காலையில் கைப்பிடியை அசைக்கவே முடியாது. அதற்கு வேண்டியது மண்ணெண்ணெய், ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ், பொறுமை. உலோகப் பாகங்களை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, தேய்த்து, துடைத்துக் காயவிட்டு, பல்லில் மட்டும் மெல்லிசாகப் புதுக் கிரீஸ். வாரி அப்பக் கூடாது. கிரீஸ் கூடினாலும் ரீல் கனக்கும். தோல், துணி வாஷர்களை மண்ணெண்ணெயில் போடவே கூடாது. கழற்றும் ஒழுங்கிலேயே பாகங்களை முட்டை வாங்கி வரும் அட்டையின் குழிகளில் ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். இப்போது நமக்கு போன் இருப்பதால் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். பெரியப்பாவுக்கு அது சிரிப்பு. "படத்தப் பாத்து மாட்டுறவன் படத்தத்தான் மாட்டுவான்" என்பார். அவர் சொல்வதைக் கேட்காதீங்க, படம் எடுங்க.

கைப்பிடி பின்பக்கமாகவும் சுற்றுகிறதென்றால் தடுப்புக் கொக்கி வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அதுவும் பெரும்பாலும் கிரீஸில் ஒட்டிக்கொண்டு நிற்பதுதான், கழுவினால் டிக் டிக் என்று உயிர் வந்துவிடும். தங்கூசி அடிக்கடி அறுகிறதென்றால் தங்கூசியைத் திட்ட வேண்டாம், அது ஓடிவரும் சின்ன உருளியைப் பாருங்கள். அது சுழலாமல் இறுகி நின்றால் தங்கூசி ஒரே இடத்தில் உரசி உரசிப் பள்ளம் போட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தைக் கண்டுபிடிக்க ஒரு துண்டுப் பஞ்சை அதன் மேல் இழுத்தால் போதும், பஞ்சு இழை மாட்டும். பெரிய மீன் இழுக்கும்போது தங்கூசியை விட்டுக்கொடுக்கும் டிராக் விட்டு விட்டு அதிர்ந்தால், உருளைக்குள் இருக்கும் வாஷர்கள் நசுங்கியோ காய்ந்தோ போயிருக்கும். மீன் பிடித்து முடித்ததும் அந்தத் திருகைத் தளர்த்தி வைக்கும் பழக்கம் இருந்தாலே இந்தப் பிரச்சினை பாதி குறையும்.

உண்மையான வேலை பெயிலில்தான். முன்னால் இருக்கும் அந்தக் கம்பி வளைவைத்தான் ஆங்கிலத்தில் பெயில் என்கிறார்கள். ("பேருலயே பெயில்னு வச்சிருக்கான், பிறகு எப்புடி பாஸாகும்" என்பது பெரியப்பாவின் நிரந்தர ஜோக்.) எறியும்போது அதைத் திறக்கிறோம், கைப்பிடியைச் சுற்றத் தொடங்கியதும் அது டக்கென்று மூடி தங்கூசியைப் பிடிக்க வேண்டும். அதை மூட வைப்பது உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு சின்ன ஸ்ப்ரிங். ஒவ்வொரு எறிக்கும் அது ஒருதரம் முறுகி விடுபடுகிறது. ஆயிரக்கணக்கான எறிகளுக்குப் பிறகு ஒரு நாள் உடையும். அந்தக் காலத்து ரீல்கள் பலவற்றிலும் முதலில் போவது இதுதான். எங்கள் மிச்செலிலும் அதுதான் போனது, இரண்டு வருஷத்துக்கு முன்பு.

புது ஸ்ப்ரிங் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம். தபால் செலவோடு பார்த்தால் ரீலை விட ஸ்ப்ரிங்குக்கு விலை. பெரியப்பா செய்தே போடுவதென்று உட்கார்ந்தார். துணி காயப்போடும் கிளிப்பில் இருக்குமே, இரண்டு கால் நீட்டிய ஸ்ப்ரிங், அந்த ஜாதி. கிளிப்பிலிருந்து கழற்றிய ஸ்ப்ரிங்கையே முதலில் வைத்துப் பார்த்தோம். பலம் ஜாஸ்தி, பெயில் எலிப்பொறி மாதிரி அடித்தது. பிறகு பெக்டரியில் கழித்துப் போட்ட ஒரு நீளமான ஸ்ப்ரிங்கை விரித்து, அந்த உருக்குக் கம்பியை ஓர் ஆணியின் மேல் புதிதாகச் சுற்றினார். அப்போது சொன்ன மூன்று விஷயங்களை நான் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். சுற்றுகிற ஆணி, வேண்டிய அளவை விட மெலிசாக இருக்க வேண்டும், ஏனென்றால் கையை விட்டதும் சுருள் கொஞ்சம் விரியும். பெயிலைத் திறக்கும்போது சுருள் இறுகும் பக்கமாகத்தான் சுற்ற வேண்டும், மாற்றிச் சுற்றினால் திறக்கத் திறக்க விரிந்து சீக்கிரம் போகும். மூன்றாவது, எவ்வளவு கஷ்டப்பட்டாலும் நெருப்பில் காட்டி வளைக்கக் கூடாது. "நெருப்புல காட்டுன ஸ்ப்ரிங்கு செத்த பாம்பு. வளையும், திரும்பி வராது." மூன்றாவது முறை சுற்றியதுதான் பொருந்தியது. இன்றைக்கும் அதுதான் உள்ளே இருக்கிறது.

இந்த மூன்று விஷயமும் ஏதோ ஒரு பொறியியல் பாடநூலில் இருக்கத்தான் செய்யும். பெரியப்பா எட்டாம் வகுப்போடு நின்றவர். அவருக்கு இது ரோலர் மெஷினிலிருந்து வந்தது. தேயிலை பெக்டரிகளை நினைத்துப் பாருங்கள். பெல்ஃபாஸ்டிலிருந்து வந்த சிரோக்கோ டிரையர்கள், கெய்ன்ஸ்பரோவின் மார்ஷல் கம்பனி செய்த ஜாக்சன் ரோலர்கள், கொழும்பு வாக்கர்ஸின் மெஷின்கள். செய்த கம்பனிக்காரன் போய்ச் சேர்ந்த பிறகும், உதிரிப்பாகம் வராமல் நின்ற பிறகும் அந்த மெஷின்கள் பல தசாப்தம் ஓடின. யார் ஓட்டினார்கள்? ஹந்தானையில் இருக்கும் தேயிலை அருங்காட்சியகத்துக்குப் போனால் பழைய மெஷின்களைப் பார்க்கலாம், எந்த நாட்டில் செய்தது என்றும் தெரிந்துகொள்ளலாம். ஸ்குரூ டிரைவரின் நுனியை பேரிங்கில் வைத்து மறுநுனியைக் காதில் வைத்து, எந்தக் குண்டு தேய்ந்தது என்று சொன்ன ஆளைப் பற்றி எதுவும் தெரியாது. பெரியப்பா ரீலையும் அப்படித்தான் பார்க்கிறார், முதலில் காதுக்குப் பக்கத்தில் வைத்துச் சுற்றுவார்.

மலையகம் என்றால் கொழுந்து, கூடை, அட்டை, மழை. நாமும் அப்படியே எழுதிப் பழகிவிட்டோம். கவிதை, சிறுகதை, ஆய்வுக் கட்டுரை எல்லாவற்றிலும் நம் ஆட்கள் உழைக்கிறார்கள், கஷ்டப்படுகிறார்கள். யோசிக்கிறவர்களாக வருவது குறைவு. கலைப்பீடத்தில் படிக்கும் நானும் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறேன், அதனால் வெளியே நின்று குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உழைப்பை எழுதுவது தேவை. ஆனால் ஒரு ஸ்ப்ரிங்கை எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று தெரிவது உழைப்பு மட்டுமா? அது அறிவு. தலைமுறையாகக் கைமாறி வந்த அறிவு. 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் லட்சக்கணக்கான பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டபோது, தாத்தாவுக்கு வேலை சொல்லிக் கொடுத்தவரும் கப்பல் ஏறிவிட்டார். அவருக்குத் தெரிந்ததில் பாதிதான் தாத்தாவிடம் தங்கியது என்பார்கள் வீட்டில். இப்போது பெரியப்பாவுக்கு ஒரு கண்ணில் வெள்ளை விழுந்துவிட்டது. தோட்டத்துப் பையன்கள் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. பெண் பிள்ளையை ஆயுதப் பெட்டிக்குப் பக்கத்தில் கூப்பிடும் வழக்கமும் நம்மிடம் கிடையாது. நான் உட்கார்ந்தது லீவுக்கு வந்த நேரம் கரண்ட் போய், டோர்ச் பிடிக்க ஆள் தேவைப்பட்டதால்.

என் சிநேகிதி ஒருத்தி இதை மறுத்தாள். "இல்லாதவன் ஒட்டுப்போட்டு வாழுறத நீ அழகுபடுத்திக் காட்டுற. நம்ம ஆளுங்களுக்குப் புதுசு வாங்க வசதி வரணும், பழசத் திருத்துறது பெருமையா?" நல்ல கேள்வி. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கே வருஷக்கணக்கில் கத்தி, 2021இல்தான் அது கிடைத்த சனம் நாங்கள். 'உள்ளதைக் கொண்டு சமாளி' என்று அவர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. ஆனால் அந்தப் புதுசைக் கொஞ்சம் பாருங்கள். இரண்டு நாள் பேருக்கு வாங்கும் பிளாஸ்டிக் ரீல் ஒன்று, உள்ளே மெதுவான உலோகத்தில் வார்த்த சக்கரம், நாலு பெரிய மீன் இழுத்தால் பல் வழுக்கிவிடும். அதற்கு உதிரிப்பாகமே விற்பதில்லை. அடுத்த வருஷம் இன்னும் இரண்டு நாள் பேர். வசதியில்லாதவரிடம்தான் திரும்பத் திரும்பக் காசு பிடுங்கப்படுகிறது. திருத்தக்கூடிய சாமானைக் கேட்பதும் சம்பள உயர்வு கேட்பதைப் போல ஓர் உரிமைதான். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று சட்டமே கொண்டுவந்தது, இந்தியா 2022 கடைசியில் அதற்காக ஓர் இணையத்தளம் திறந்தது. அவர்கள் பேசுவது போன், வாஷிங் மெஷின், வாகனம் பற்றி. பணக்கார நாட்டுக்காரர்கள் இதைப் பின்தங்கிய வேலையாக நினைக்கவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

நமக்கும் இது புதுசில்லை. 1977க்கு முன் இறக்குமதி இறுக்கமாக இருந்த வருஷங்களில் நாடே திருத்தித்தான் வாழ்ந்தது. திறந்த பொருளாதாரம் வந்ததும் அந்தக் கடைகள் ஒவ்வொன்றாக மூடின. 2022இல் டொலர் இல்லாமல் போனதும் எங்கள் பக்கத்து டவுன் சைக்கிள் கடைக்காரரிடம் ரைஸ் குக்கரிலிருந்து குடை வரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவருக்குத் தெரிந்ததை அவர் செய்தார். அடுத்த முறை டொலர் இல்லாமல் போகும்போது அவர் இருப்பாரா?

எல்லாப் பழசும் தங்கம் என்று நான் சொல்லவில்லை. பழைய ரீல் கனம். முக்கியச் சக்கரத்தின் பல் தேய்ந்திருந்தால், இடையில் மெல்லிய வாஷர் வைத்து நெருக்கிக் கொஞ்ச நாள் ஓட்டலாம், போன பல் திரும்ப முளைக்காது. உடம்பு வெடித்திருந்தால் விட்டுவிடுங்கள், அல்லது இன்னொரு ரீலுக்கு உதிரிப்பாகமாக வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த ரீலென்றால் இன்னும் கவனம். உப்புக் குடித்த அலுமினியத்தில் திருகாணி இறுகிப் பிடித்திருக்கும், பலவந்தப்படுத்தினால் புரியே போய்விடும். மலைநாட்டு ரீல்களுக்கு அந்த வகையில் அதிர்ஷ்டம், நம் தண்ணீரில் உப்பில்லை. பனி ஈரம் ஒன்றுதான் எதிரி.

நான் இப்போது செய்துகொண்டிருப்பது ஒரு கொப்பி. பெரியப்பா சொல்லச் சொல்ல, பாகங்களின் பெயரை அவர் சொல்கிற மாதிரியே எழுதுகிறேன். ரோட்டரை அவர் 'கோப்பை' என்கிறார். தடுப்புக் கொக்கி 'காவக்காரன்'. டிராக் வாஷர் அடுக்கு 'ரொட்டி', ஏனென்றால் அடுக்கி வைத்த ரொட்டி மாதிரி இருக்கிறதாம். அகராதியில் தேடினால் இவை கிடைக்காது, பெக்டரியில் பிறந்த சொற்கள். பெயிலுக்கு மட்டும் அவரிடம் தமிழ்ப் பெயர் இல்லை. நான் 'வளைவு' என்று எழுதினேன், "வளைவுன்னா ரோட்டுல இருக்கிறது" என்று தள்ளிவிட்டார். உங்கள் வீட்டில் பிட்டரோ, லேத் வேலை தெரிந்தவரோ, சைக்கிள் கடை மாமாவோ இருந்தால் கேட்டுப் பாருங்கள். ரீல்தான் என்றில்லை, தையல் மெஷின், பெட்ரோமாக்ஸ், டைனமோ எதுவானாலும் சரி. அவர் அதைக் கழற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் அவர் சொல்லும் பெயரை அப்படியே எழுதுங்கள். பெயிலுக்கு ஒரு நல்ல பெயர் வைத்திருப்பவர் யாராவது அகப்பட்டால் எனக்கும் சொல்லுங்கள், கொப்பியில் அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது.